லொறிக்குள் கிடைத்த வேலை

பாப்பா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. காலையில்தான் போனில் கேட்டேன். நீயும் "நல்லா இருக்கேன்ப்பா, சாப்பிட்டேன்ப்பா, இங்க மழ இல்லப்பா" என்று மூன்று பதிலையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய். போனில் எனக்குக் கேட்க வருவது அந்த மூன்று கேள்விதான். நாலாவதாக ஒன்று தொண்டை வரைக்கும் வரும், அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். லொறி ஓட்டுகிறவனுக்குக் கடிதம் எழுதுவது புதுப் பழக்கம். கை ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரியே பேனாவைப் பிடிக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போன அன்று ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கேட்ட கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது. பையெல்லாம் மேலே வைத்து, அம்மா கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டாய். நான் கீழே நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவருக்கு மனசு சரியில்லை என்றால் டயரைத்தான் பார்ப்பான். அப்போதுதான் நீ தலையை வெளியே நீட்டி, "ஏம்ப்பா, அப்ப நான் பாக்கப் போறது வேலையே இல்லையா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் "கொளம்ப, கொளம்ப" என்று கொழும்புக்கு ஆள் கூப்பிட்டபடி தகரத்தில் தட்டினான். பஸ் கிளம்பிவிட்டது. உன் முகம் திரும்பிப் பார்த்ததா இல்லையா என்றுகூட அந்தப் புகையில் எனக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளை தன் முதல் வேலைக்குப் போகிற நாளில் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு போகும்படி செய்துவிட்டேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல், நம் தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றம் திருவிழாவுக்குப் போடுகிற மலரிலும் அச்சடிக்கக் கொடுக்கப் போகிறேன். உன் அம்மா, "வீட்டு விசயத்த ஏன் ஊருக்குப் படம் போட்டுக் காட்டுறீங்க?" என்று கேட்டாள். உன் வேலையைப் பற்றிய அந்த வார்த்தையை நான் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது சொன்னேன். சபையில் சொன்னதைச் சபையில்தான் திருப்பி எடுக்க வேண்டும். அது மட்டுமில்லை, நம் லயத்து வரிசை வீடுகளிலேயே உன்னைப்போல் பட்டத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிற பிள்ளைகளும், என்னைப்போல் அவர்களுக்கு அப்பனாக இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் அந்த நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியும், ஆனால் முழுவதும் தெரியாது. நீ பட்டம் வாங்கிய வருடத் திருவிழாவில் நான் வழக்கம்போல் பறவைக்காவடி லொறியை ஓட்டினேன். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற அதே சின்ன லொறிதான்; அன்றைக்கு மட்டும் தோட்டத்துத் தொரை கோயிலுக்குக் கொடுப்பார். கழுவி, வாழைமரம் கட்டி, பின்னால் மரச்சட்டம் போட்டு, காவடி எடுப்பவரின் முதுகிலும் காலிலும் கொக்கி குத்திப் பறவை மாதிரிக் கிடையாகத் தொங்கவிடுவார்கள். கோயிலில் இருந்து லயங்களைச் சுற்றி, தண்ணீர் பிடிக்கிற பெரிய பீலி வரை போய்த் திரும்ப வேண்டும். நம் தோட்டத்து ரோட்டை ரோடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஒரு குழியில் டயர் இறங்கினால் தொங்குகிறவருக்கு அத்தனை கொக்கியும் சேர்ந்து இழுக்கும். அதனால் பக்கத்துக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவேன். வருடா வருடம் அந்தக் கண்ணாடியில் எத்தனையோ முகம் பார்த்துவிட்டேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள். நான் மனசுக்குள், "ஆத்தா, என்னைய ஓட்டுறவனாவே வச்சிரு" என்று வேண்டிக்கொள்வேன்.

உன் அப்பன் எவ்வளவு பெரிய வீரன் என்று உனக்குத் தெரியுமே. டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஊசி போட வரிசையில் நின்றபோது, என் முறை வந்ததும் எனக்குப் பின்னால் நின்ற வயசாளியை முன்னால் விட்டவன் நான். நர்ஸ் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அப்படிப்பட்டவன் அந்த வருடம், காவடியை இறக்கி வைத்து, பூசாரி விபூதி பூசிவிட்ட நேரத்தில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஆத்தா, எம்புள்ளைக்கு ஒரு கவர்மென்ட் வேல கெடச்சிட்டா, நானே பறவைக்காவடி எடுக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு யோசித்தால் ஒன்றுதான் தோன்றியது: லேசானதைக் கொடுத்து இவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்க முடியாது. எதற்கு ரொம்பப் பயப்படுகிறேனோ அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று உள்ளே ஏதோ சொல்லிவிட்டது.

கவர்மென்ட் வேலை என்று ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டேன் என்று நீ கோபப்பட்டிருக்கிறாய். கால் காசு சம்பளமானாலும் கவர்மென்ட் சம்பளம் என்று நம் ஆட்கள் சொல்வது பேராசையால் இல்லை, பாப்பா. தோட்டத்தில் தொரை மாறினால் டிரைவர் மாறலாம். டிவிசனை மூடினால் காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்க வந்தவர்கள் திரும்பிப் போகலாம். நீங்கள் குடியிருக்கிற காம்பராவே உங்களுடையது இல்லை என்று யாரும் எப்போதும் சொல்லலாம். கவர்மென்ட் வேலையில் இருக்கிறவனிடம் மட்டும் யாரும் "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொல்லமாட்டார்கள். நமக்கு முந்தியவர்கள் படிக்கவைத்த பிள்ளைகளில் டீச்சராகவோ கிளார்க்காகவோ போனவர்கள்தான் மஸ்கெலியாவிலும் ஹட்டனிலும் சொந்தமாக ஒரு கதவும் பூட்டும் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மேல்நோக்கிய ரோடு அது ஒன்றுதான். வேறு ரோடு இருக்கிறது என்று எனக்கு யாரும் காட்டியதில்லை.

அந்த ரோட்டில்தான் மண் சரிந்து கிடந்தது. நாடே பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்று எழுந்த பிறகு, அரசாங்கம் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டது. பட்டதாரி நியமனம் இதோ வருகிறது என்பார்கள். பிறகு வழக்கு என்பார்கள், பிறகு காசில்லை என்பார்கள். நீ கொழும்புக்குப் போய் மற்றப் பட்டதாரிகளோடு நியமனம் கேட்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டு, மூக்கு உரிந்து திரும்பி வந்தாய். உன் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். அதன் பிறகு நீ பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவதை நிறுத்திவிட்டாய். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரியும். குடத்தை வைத்ததும் ஒவ்வொருத்தியும் "அப்பாயின்மென்ட் வந்துருச்சா பாப்பா?" என்று கேட்பாள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆனால் தினமும் கேட்டால் நல்ல வார்த்தையும் குத்தத்தான் செய்யும். நம் லயத்தின் முதல் பட்டதாரி, பின் காம்பராவில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

உனக்கு லொறி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்தக் காலத்தில்தான். ஏதோ பெரிய யோசனை செய்து கற்றுக்கொடுத்தேன் என்று நினைக்காதே. உன்னை அந்த இருட்டில் இருந்து வெளியே கொண்டுவர எனக்குத் தெரிந்த ஒரே சாக்கு அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைப் பெக்டரிக்குப் பின்னால் இருக்கிற மட்டமான இடத்தில் ஆரம்பித்தோம். முதல் நாள் நீ கிளச்சை விட்ட விதத்தில் லொறி தவளை மாதிரிக் குதித்தது. மதிலில் உட்கார்ந்திருந்த பையன்கள் கைதட்டினார்கள். நீ இறங்கிப் போய்விடுவாய் என்று நினைத்தேன். நீயோ கண்ணாடியை இறக்கி, "இன்னும் இருக்கு, பாத்துட்டுப் போங்கடா!" என்று கத்தினாய். எத்தனையோ நாளுக்குப் பிறகு உன் சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். லைசன்ஸ் எடுக்கும் நாளில், பள்ளத்தில் லொறியைப் பூனை மாதிரி இறக்கினாய். பரிசோதகர் சிங்களத்தில், "கியாதுன்னே கவுத?" என்று கேட்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று அர்த்தம். நீ என்னைக் காட்டினாய். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், கண்ணில் தூசி.

நீ அந்தக் கம்ப்யூட்டர் வேலையைப் படிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். ஹட்டன் டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற காதர் நானாவிடமிருந்து பழைய லெப்டொப் ஒன்றை எடுத்து வந்தாய். அவர் அதற்குள் என்னென்னவோ மாற்றி, துடைத்து, "மகள் கையில குடுக்கிறன், ட்ரைவர். நீங்க தொடப்படாது, பிரேக் பிடிக்கிறதா நெனச்சு எதையாச்சும் மிதிச்சிருவீங்க" என்று என்னைக் கிண்டல் செய்தார். படிப்பைப் பற்றி உன்னிடம் கேட்டபோது நீ பொறுமையாக விளக்கினாய்: ஒருத்தர் ஒரு ஆப் செய்வார், இன்னொருத்தர் அதை வேண்டுமென்றே தாறுமாறாக அழுத்திப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அதுதான் அந்த வேலை. உன் அம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஒடைக்கிறதுக்குச் சம்பளமா? இதத்தானே இது சின்னதுல இருந்து சும்மாவே செஞ்சிச்சு!" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராவில் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் எனக்குள்ளே அது வேலையாகப் பதியவில்லை. நீ விண்ணப்பம் போட்டுப் போட்டு, பதில் வராமலும், வந்த பதிலில் 'மன்னிக்கவும்' இருந்தும், மறுநாள் காலையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மறுபடியும் உட்காருவாய். நான் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டே, "இந்த மாசமாச்சும் நியமனத்தப் பத்திப் பேசுறாங்களான்னு பாப்போம்" என்பேன். நீ லெப்டொப்பில் இருந்து தலையைத் தூக்கமாட்டாய். கண்ணுக்கு முன்னால் ஒரு பிள்ளை தனக்கான பாதையைத் தானே வெட்டிக்கொண்டிருந்தது, நான் சரிந்து கிடந்த பழைய ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேர்முகப் பரீட்சை நாளுக்கு வருகிறேன். உன் பல்கலைக்கழகத்தில் முன்னால் படித்த, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று உனக்காகச் சொல்லிவைத்ததில், கொழும்புக் கம்பெனி உன்னை வீடியோவில் கூப்பிட்டது. நம் லயத்தில் சிக்னல் வருவது மழை விடுவது மாதிரி, நினைத்தால்தான் வரும். மேல் மலை வளைவில்தான் நிலையாக நிற்கும். நீ அங்கே மதகில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. நல்ல சேலை கட்டி, தலைசீவி, லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாய், மழை பிடித்துக்கொண்டது. நான் கொழுந்து நிறுக்கிற மேல் மடுவத்தில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழ் மடுவத்துக்கு வந்துகொண்டிருந்தேன். வளைவில் உன்னைப் பார்த்ததும் நிறுத்தினேன். "ஏறு உள்ள" என்றேன். "நீங்கப்பா?" என்றாய். "நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்?" என்று சொல்லி, ஒரு பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி நின்றேன்.

கொழுந்து லொறியை வழியில் நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறித்த கொழுந்து மூட்டைக்குள்ளே சூடேறும், சிவக்கும், பெக்டரியில் கத்துவார்கள். பெக்டரியைப் பார்க்கிற டீமேக்கர் போன் எடுத்து, "லொரிய கோ?" என்று கேட்டார், லொறி எங்கே என்று. வருகிறது சேர் என்று சொல்லிவிட்டு, போனை நிறுத்தி வைத்தேன். என் சர்வீஸில் அதற்கு முன்னால் நான் அதைச் செய்ததில்லை. கீழ் மடுவத்தில் பெண்கள் கூடையோடு மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். லொறி வந்து ஏற்றினால்தான் அவர்கள் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கூட்டத்தில் உன் அம்மாவும் ஒருத்தி. வளைவைக் கடந்து கீழே போன ஒருத்தரிடம் சொல்லி அனுப்பினேன். அங்கே நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். கணக்கப்பிள்ளை லொறி எங்கே என்று துள்ளினாராம். உன் அம்மா முன்னால் போய், "லொறி இப்ப வராதுங்க ஐயா. எம்புள்ள அதுக்குள்ள ஒக்காந்து வேலைக்குப் பேசிக்கிட்டு இருக்கு" என்றாளாம். பிறகு பீலியில் தினமும் உன்னைக் கேள்வி கேட்டார்களே, அதே பெண்கள்தான், "இருக்கட்டும்க்கா, புள்ள பேசி முடிக்கட்டும். நாங்க என்ன கரைஞ்சா போயிருவோம்?" என்றார்களாம். அவர்களுக்கு இந்த மலர் வழியாக என் நன்றியைச் சொல்கிறேன். அவர்கள் மழையில் நின்ற நேரமும் உன் வேலையில் சேர்ந்திருக்கிறது.

நான் வெளியே நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு முட்டாமல் இருக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி வைத்திருந்தாய், உன் குரல் அதன் வழியாக வந்தது. முதலில் நடுங்கியது, பிறகு சரியானது. நடுவில் அவர்கள் ஏதோ கேட்டார்கள். உனக்குப் பின்னால் தெரிந்த கொழுந்து மூட்டைகளையும், தொங்குகிற சாமி படத்தையும் பார்த்துக் கேட்டிருப்பார்கள். நீ சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் பதில் சொன்னாய். அதில் இரண்டு சொல்தான் எனக்குப் பிடிபட்டது: ஃபாதர், லொறி. நீ என்ன சொல்லியிருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. நண்பரின் வாகனம் என்று சொல்லியிருக்கலாம், பயணத்தில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நீ அப்பாவின் லொறி என்று சொன்னாய். லொறி தோட்டத்துடையது, பாப்பா. ஆனால் நீ அதை என்னுடையதாக்கி, கொழும்பில் ஏசி அறையில் இருக்கிற பெரியவர்களுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தாய். அன்றைக்கு மழை பெய்ததில் எனக்கு ஒரு வசதி, முகத்தைத் துடைத்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

பெக்டரிக்குப் போனபோது டீமேக்கர் வாசலிலேயே நின்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் வாயில் இருந்த திட்டை எல்லாம் விழுங்கிவிட்டு, "துவ பாஸ்த?" என்று கேட்டார். மகள் பாஸா என்று. "தன்னே நே சேர்" என்றேன், தெரியாது. நீ பாஸ் என்று தெரிந்த அன்று முதல் ஆளாக அவரிடம்தான் சொன்னேன். அவர் ஒரு பொட்டலம் நல்ல தேயிலையைக் கையில் கொடுத்து, மகளுக்கு என்றார். இப்போது நீ கொழும்பில் ஊற்றிக் குடிக்கிற தேத்தண்ணி அதுதான்.

இவ்வளவு நடந்த பிறகும் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன் பார். நீ கிளம்ப இருந்த வாரம், திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். "டிரைவரண்ணே, புள்ளைக்குத்தான் வேல கெடச்சிருச்சே. இந்த வருசம் பறவைக்காவடி ஒங்களோடதுதானே? பேர எழுதிக்கவா?" என்று கேட்டார்கள். எனக்கு அந்த நிமிடம் கண்ணுக்கு முன்னால் கொக்கிதான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. உடனே, "நான் வேண்டிக்கிட்டது கவர்மென்ட் வேலைக்குல்ல? இது அந்தக் கணக்குல வராதுப்பா. இது சும்மா கம்ப்யூட்டர் வேலதானே" என்றேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், தப்பித்தோம் என்று இருந்தது. உள்ளே நீ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்ததை நான் மறந்தே போனேன். அதற்குப் பிறகு பஸ் ஏறும் வரைக்கும் நீ என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஊசிக்குப் பயந்தவன் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள உன் வேலையைத் தூக்கி முன்னால் போட்டான். நடந்தது அவ்வளவுதான், பாப்பா. உன் வேலையை நான் மட்டமாக நினைத்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. ஒரு கோழையின் சாக்கு.

பஸ் போன பிறகு காதர் நானாவின் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு போனைக் கழற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, "ட்ரைவர், கவர்மென்ட் பஸ்ஸும் கொழும்புக்குத்தான் போகுது, ப்ரைவேட் பஸ்ஸும் கொழும்புக்குத்தான் போகுது. பிள்ளை போய்ச் சேர்ந்தாளா இல்லையா, அதைப் பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா அதைவிடச் சூடு. "கவர்மென்டுன்னு சொன்னது ஒங்க வாயி. ஒங்க மனசு கேட்டது இந்தப் புள்ள பொழைக்கணுமுன்னு. ஆத்தா மனசப் பாத்துக் குடுத்துட்டா. வாங்குறப்ப வாங்கிக்கிட்டு குடுக்குறப்ப வாயப் பாத்துக் கணக்குப் பேசுறீங்களே, நல்லாருக்கா?" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவளோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் அவள் சொல்லி நான் தோற்காத வாதம் ஒன்றுகூட இல்லை, ஆனால் இதில் தோற்றதுபோல் சந்தோஷமாக எதிலும் தோற்கவில்லை.

அதனால் உன் கேள்விக்கு என் பதில்: வேலைதான். நூற்றுக்கு நூறு வேலை. யாரும் கையைப் பிடித்து ஏற்றாமல், பட்டியலில் பேர் வரும் என்று காத்திருக்காமல், பழைய லெப்டொப்பையும் மழையையும் வைத்துக்கொண்டு நீயே தேடிப் பிடித்த வேலை. எனக்குத் தெரியாத ரோடு ஒன்றை எனக்குக் காட்டியதற்கு நன்றி. உன் அம்மாவை மறுபடியும் சத்தமாகச் சிரிக்க வைத்ததற்கு நன்றி. அந்த இருட்டு மாதங்களில் எங்களை விட்டுப் போய்விடாமல், தாங்கிக்கொண்டு இருந்ததற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய நன்றி. பெற்றவன் பிள்ளைக்கு நன்றி சொல்லக் கூடாது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இப்படி ஒரு பிள்ளை பிறக்கவில்லை என்று நினைத்துக்கொள்.

புத்தி சொல்லாமல் ஒரு அப்பனால் கடிதத்தை முடிக்க முடியாது, அதனால் கொஞ்சம் கேட்டுக்கொள். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அது மலைக்கு மட்டுமில்லை. இந்த வேலையும் ஒரு நாள் ஆட்டம் காணலாம். உங்கள் கம்பெனிகளிலும் ஆளைக் குறைக்கிறார்களாம், ரேடியோவில் கேட்டேன். அப்படி வந்தால் நியூட்ரலில் போட்டு உருளாதே. எப்படிப் படித்து ஏறினாயோ அப்படியே படித்துக்கொண்டு நிதானமாக இறங்கு, அடுத்த ஏற்றம் வரும். எங்களுக்கு அனுப்புவதற்காக உன் வயிற்றைக் காயப் போடாதே. நியமனம் எப்போதாவது வந்து, உனக்கு டீச்சராகப் பிடித்தால் போ, பிடிக்காவிட்டால் எங்கள் முகத்தைப் பார்த்துப் போகாதே. நம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது போன் எடுத்து "அக்கா, எப்படிப் படிச்சீங்க?" என்று கேட்டால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பேசு. தலவாக்கலைப் பிள்ளை உனக்காகப் பேசியதை நினைத்துக்கொள்.

இனிமேல்தான் முக்கியமான சமாசாரம். நேற்று நான் கோயிலுக்குப் போய்க் கமிட்டிக்காரர்களிடம் என் பேரை எழுதச் சொல்லிவிட்டேன். விரதம் ஆரம்பித்துவிட்டது. கொக்கியை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: லொறியை என் மகள்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏறமாட்டேன். "பொம்பளப் புள்ள காவடி லொறி ஓட்டுறதா? இங்க அப்புடி வழக்கமில்லையே" என்று ஒருத்தர் இழுத்தார். எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி தட்டைத் துடைத்துக்கொண்டே, "உள்ள ஒக்காந்திருக்க ஆத்தாவும் பொம்பளதான்டா. போயி லொறியக் கழுவுற வழியப் பாருங்க" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. உன் அம்மா மட்டும் அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்துவிட்டதாக லயம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிகிறாள், முகத்தில் சிரிப்போடு.

திருவிழாவுக்கு லீவு கேட்டு வா. என்ன காரணம் என்று உன் பெரியவர்கள் கேட்டால், முன்பு சொன்ன மாதிரியே சொல்: அப்பாவின் லொறி. அவர்களுக்குப் புரியும். கண்ணாடியைச் சரிசெய்து வைத்துக்கொள், என் முகம் அதில் தெரியும். கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்; பயத்தில்தான், ஊரார் கேட்டால் பக்தி என்று சொல்லிவிடு. பெரிய பீலிக்கு முன்னால் இருக்கிற பள்ளம் இந்த மழையில் இன்னும் ஆழமாகிவிட்டது, அங்கே இடது பக்கம் ஒட்டிப் போ. மற்றபடி உனக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஒரு வேலையும் தெரியாத பிள்ளையின் கையில் எவனாவது தன் முதுகுத் தோலைக் கொடுப்பானா? உன் கேள்விக்கு ஊர் பார்க்கிற பதில் அது.

கிளச்சை மட்டும் மெதுவாக விடு, பாப்பா.

அப்பா